பழைய வாள்களும் புதிய விலைகளும்

பழைய வாள்கள், குறுவாள்கள், வாளுறைகள், படைத்தலைவர்களின் அலங்காரச் சீருடைகள் ஆகியவற்றைத் தேடிச் சேர்ப்பது மேல்நாடுகளில் நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு பொழுதுபோக்கு. இன்று அது உலகெங்கும் பரந்துவிட்டது. அதற்கென ஏலமனைகள் உள்ளன, நிபுணர்கள் உள்ளனர், அதற்கென ஓர் எழுத்து வகையும் உருவாகியிருக்கிறது. ஏலத்திற்கு வரும் பொருளை வருணித்து, அதன் வரலாற்றைக் கூறி, விலையை மதிப்பிட்டு வெளியிடப்படும் ஏலப் பட்டியலையே இங்கு குறிப்பிடுகிறோம்.

நம் விமரிசகர்கள் இவ்வெழுத்தைத் தமது கவனத்துக்குரியதாகக் கொள்வதில்லை. வியாபாரத்திற்கும் இலக்கியத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கவுங்கூடும். ஆனால், ஏலப் பட்டியலும் ஒரு கதையைச் சொல்கிறது. அதிலும் நாயகர்கள் உளர்; வருணனை உண்டு; உச்சக்கட்டம் உண்டு. ஒரு நாவலை நோக்கி நாம் எழுப்பும் வினாக்களை அதனை நோக்கியும் எழுப்பலாம். இக்கதை யாருடைய கண்கொண்டு சொல்லப்படுகிறது? இதில் பெயர் பெற்றவர் யார்? பெயரின்றி விடப்பட்டவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வது பயனற்றதாகாது. நூதனசாலைகளிலும் பாடநூல்களிலும் நம் மாணவர்கள் வாசிக்கும் வரலாறு பல வேளைகளில் இதே நடையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். 2023ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் நகரில் பொன்ஹாம்ஸ் என்னும் ஏலமனை மைசூர் வேந்தன் திப்பு சுல்தானின் வாளொன்றை விற்பனைக்கு வைத்தது. அவனுடைய படுக்கையறை வாள் என அறியப்படுவது அது. பதினைந்து முதல் இருபது இலட்சம் பவுண் வரை விலைபோகலாம் என்று முன்கூட்டி மதிப்பிட்டிருந்தனர். 14,080,900 பவுணுக்கு அது விலைபோயிற்று. மதிப்பீட்டின் மேல் எல்லையைப்போல் ஏழு மடங்கு!

அவ்வாளின் வேலைப்பாடு சிறந்தது என்பதை எவரும் மறுக்கமாட்டார். உருக்கு அலகிலே பொன்னெழுத்துக்கள் பதிக்கப்பட்டுள்ளன. 'அரசனின் வாள்' எனப் பொருள்படும் தொடரும், இறைவனின் பண்புகளைக் கூறும் சொற்களும் அதில் உள்ளன. ஆயினும் ஒரு கோடியே நாற்பது இலட்சம் பவுண் வேலைப்பாட்டுக்காகக் கொடுக்கப்பட்டதன்று. அதே திறமையுடன் செய்யப்பட்டு, உடையவன் பெயர் தெரியாமற் போன வாள்கள் இதன் ஒரு சிறு பங்கு விலைக்கே விற்கப்படுகின்றன. அங்ஙனமாயின் எஞ்சிய பணம் எதன் பொருட்டு?

1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி ஆங்கிலக் கம்பனியின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்கிக் கைப்பற்றியது. திப்பு கோட்டை வாயிலருகே பிணக்குவியலினிடையே கிடந்தான். காப்பாளர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அன்றிரவு முழுவதும் நகரம் சூறையாடப்பட்டது. மறுநாள் பொறுப்பேற்ற ஆதர் வெல்லெஸ்லி சவுக்கடியும் தூக்குத் தண்டனையும் கொண்டே படையினரை அடக்கவேண்டியிருந்தது. படுக்கையறை வாள், தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் பெயர்டுக்கு அவரது வீரத்தைப் பாராட்டி வழங்கப்பட்டது. புலி உருவம் தாங்கிய பொன் அரியணை துண்டு துண்டாக வெட்டப்பட்டுப் பங்கிடப்பட்டது. அதன் புலித்தலையும் பறவையும் பிரித்தானிய அரச குடும்பத்தின் சேகரிப்பைச் சென்றடைந்தன.

வாளின் விற்பனைப் பெறுமதி இந்த இரவில்தான் பிறக்கிறது. இவ்விடத்தில் ஒன்று கவனிக்கற்பாலது. கொள்ளைப் பொருளை விற்பவன் அதன் பூர்வீகத்தை மறைப்பான் என்றே நாம் எண்ணுகிறோம். ஏலமனை எதனையும் மறைக்கவில்லை. வாள் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எவரிடம் சென்றது என்பதை வெளிப்படையாகவே கூறிற்று. கூறியதனாலேயே விலையும் ஏறிற்று. கொள்ளை இங்கு குற்றப்பத்திரமாக நிற்கவில்லை; பொருளின் நம்பகத்தன்மைக்கு நற்சான்றிதழாக மாறிவிட்டது. எனவே, "இது கொள்ளையடிக்கப்பட்ட பொருள்" என்று அம்பலப்படுத்துவதோடு தமது கடமை முடிந்துவிட்டதெனக் கருதும் முற்போக்காளர் ஒன்றை உணர்தல் வேண்டும். சந்தைக்கு அந்த உண்மை ஏலவே தெரியும். அதற்கு அது விலையும் வைத்திருக்கிறது.

இவ்வெழுத்தின் இலக்கணத்தையும் சிறிது நோக்குவோம். "எடுக்கப்பட்டது", "வழங்கப்பட்டது", "பேணப்பட்டது" என்று செயப்பாட்டுவினைகள் இதில் மலிந்துள்ளன. செயப்பாட்டுவினையின் வசதி யாதெனில் வினைமுதலைக் கூறாமலே வாக்கியம் முடிந்துவிடும் என்பதே. கொள்வோர், பெறுவோர், விற்போர் ஆகியோருக்குப் பெயருண்டு. வாளை அடித்தவனுக்கும், வாளால் அடிபட்டவனுக்கும், வென்ற படையிலே நின்று சுட்டவனுக்கும் பெயரில்லை.

வென்ற படையிலே நின்றவர் யார்? அவருட் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். சென்னை இராசதானியிலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் அவருள் இருந்தனர். கொள்ளைப் பணம் பதவிப் படியின்படி பங்கிடப்பட்டபோது தளபதி ஹாரிசுக்கு 140,000 பவுணுக்கு மேல் கிடைத்தது. சிப்பாயின் கைக்கு வந்தது சில பவுண்களே. வெற்றியின் நினைவாகக் கம்பனி அச்சிட்ட பதக்கமும் அவ்வாறே. பொன், பொன்முலாமிட்ட வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என ஐவகை உலோகங்களில் அது வார்க்கப்பட்டது. பதக்கத்தில் பிரித்தானியச் சிங்கம் மைசூர்ப் புலியை வீழ்த்துகிறது. சிப்பாய்க்குக் கிடைத்தது வெள்ளீயம். இன்று சேகரிப்போர் அப்பதக்கங்களையும் உலோகத்தின் தரம் பார்த்தே வாங்குகின்றனர். 1799இல் வகுக்கப்பட்ட வர்க்க வரிசை சந்தையிலே இன்றும் கலையாமல் இருக்கிறது.

இவ்வாறு கூறுவதால் திப்புவை மாசற்ற மக்கள் தலைவனாக்க நாம் முனையவில்லை. அவன் அந்நிய ஆதிக்கத்தை உறுதியுடன் எதிர்த்தான். அதே வேளையில் குடகிலும் மலபாரிலும் அவன் படைகள் மக்களைச் சிறைகொண்டு சென்றன. அரசனின் வாள் அரசனின் வாளே. அதனை வழிபாட்டுப் பொருளாக்குவோரும், விற்பனைப் பொருளாக்குவோரும் ஒரே தவற்றின் இரு பக்கங்களிலே நிற்கின்றனர். இதற்கு நல்ல சான்றொன்று உண்டு. 2003ஆம் ஆண்டில் லண்டன் ஏலத்தில் திப்புவின் மற்றொரு வாளை இந்திய மதுபான முதலாளி விஜய் மல்லியா வாங்கினார். தேசத்தின் மானம் மீட்கப்பட்டதாகப் பலர் மகிழ்ந்தனர். வங்கிகளுக்குக் கடன் செலுத்தாது இங்கிலாந்து சென்ற அவருடைய சொத்துக்கள் பற்றி 2018ஆம் ஆண்டு லண்டன் நீதிமன்றத்தில் வினா எழுந்தபோது, வாளை 2016ஆம் ஆண்டிலேயே கொடுத்துவிட்டதாக அவர் தரப்பிற் கூறப்பட்டது. தனியொருவரின் பணப்பையின் வழியாக மீண்ட தேசிய மானம் அதே வழியாக மறைந்தும் போயிற்று.

ஆயுதத்தைக் கண்ணுக்கினிய காட்சிப்பொருளாகக் கொள்ளும் மனப்பான்மை தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. புறநானூற்றின் 95ஆம் பாடல் இதனை மிகக் கூர்மையாக விமரிசிக்கிறது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கு ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிக்க மனையிலே மின்னின. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் சிற்றிலிலே கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வதுபோலப் பழித்த பாடல் இது என்பது நம் ஆசிரியர்கள் அறிந்ததே.

ஆயுதத்தின் பளபளப்பு அதன் பயனின்மைக்கு அறிகுறி என்று கண்ட அக்கூர்மை இன்றைய சேகரிப்பாளர் அறைக்கும் பொருந்தும். எனினும் நாம் அப்பாடலோடு நின்றுவிட இயலாது. முறிந்த வேல் யார் உடலிற் பட்டு முறிந்தது என்று புலவர் கேட்கவில்லை. கொல்லனின் சிற்றில் பாடலில் இடம்பெறுகிறது. கொல்லன் அங்கு பேசவில்லை. வீரயுகத்தின் புலவர் தம் புரவலனின் போரைப் புகழவேண்டியவராக இருந்தார். அந்த எல்லையை உணர்ந்துகொண்டே அவருடைய துணிவை நாம் மதிக்கிறோம்.

குற்றத்திற்கே விலை ஏறும் இம்முறை அரசர்களின் வாள்களோடு நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் ஆயுதச் சேகரிப்பில் ஜேர்மனியின் நாஜிக் குறுவாள்களுக்குத் தனியிடம் உண்டு. அலகுத் தொழிலுக்குப் பேர்போன சோலிங்கன் நகரத்தின் பட்டறைகள் 1933 முதல் அவற்றை ஏராளமாகச் செய்தன. கபிலச் சட்டைப் படையினரின் குறுவாளில் எல்லாம் ஜேர்மனிக்கே என்ற பொருளுடைய வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. 1934இல் அப்படையின் தலைவன் ஏர்ன்ஸ்ட் றோம், பழைய உறுப்பினருக்குத் தன் கையெழுத்தும் நட்புரையும் பொறித்த குறுவாள்களை வழங்கினான். அவ்வாண்டு ஜூன் 30ஆம் திகதி ஹிட்லர் தன் கூட்டாளியான றோமைக் கைதுசெய்வித்து, அடுத்தநாள் கொல்வித்தான். றோமின் பெயரைக் குறுவாள்களிலிருந்து அராவி நீக்கும்படி கட்டளை பிறந்தது.

இன்று அந்தச் சந்தையில் நிகழ்வது யாது? பெயர் அழிபடாது தப்பிய குறுவாளுக்கு மிக உயர்ந்த விலை. பெயர் அரைகுறையாக அழிந்திருப்பின் அதற்கொரு விலை. முற்றாக அராவப்பட்ட தடம் தெரிந்தால் அதற்குமொரு விலை. கொலைகாரர் கூட்டத்தின் உட்பகை அலகிலே விட்டுச் சென்ற கீறல்களைப் பூதக்கண்ணாடி கொண்டு ஆராய்கின்றனர். அக்குறுவாளை இடையிற் செருகியவர்கள் யூதர்களின் கடைகளை உடைத்ததும், தொழிற்சங்க மண்டபங்களிற் புகுந்து தொழிலாளரை அடித்ததும் அந்த ஆராய்ச்சிக்குள் வருவதில்லை. வரலாறு முழுவதும் இறந்துபோன ஒன்று என்ற நம்பிக்கையே இப்பொழுதுபோக்கின் அடித்தளம். ஆனால் அலகின் வாசகம் இறந்துவிடவில்லை. அதனை மேடையிலே கூறிய வலதுசாரி அரசியல்வாதி ஒருவருக்கு 2024ஆம் ஆண்டில் ஜேர்மனிய நீதிமன்றம் தண்டம் விதிக்க நேர்ந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சிங்கமுகக் கைபிடியும், சிறு மகரத் தலைகள் அமைந்த காப்பும், வளைந்த குறுகிய அலகும் கொண்ட கஸ்தானை என்னும் வாள் இலங்கைக்கே உரியது. உலகச் சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்பும் வாள்களுள் அதுவும் ஒன்று. அதன் கைபிடி வேலைப்பாடு இந்நாட்டுக் கம்மாளரின் கைவண்ணம். அலகுகளிற் பல ஐரோப்பாவிலிருந்து வந்தவை. சிலவற்றில் ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரையே காணப்படுகிறது. தூய தேசியத்தின் சின்னமாக இவ்வாளைக் கொண்டாடுவோர் இவ்வுண்மையை மனங்கொள்ளல் நன்று.

கண்டி அரசன் தன் பிரதானிகளுக்கு மதிப்பின் அடையாளமாக இதனை வழங்கினான். பின்வந்த அந்நிய ஆட்சியாளர்கள் வழக்கத்தைக் கைவிடவில்லை. தம் நிருவாகத்திற்குத் துணைபுரிந்த முதலிமாருக்குப் பதவிப் படிக்கேற்பப் பொன்னாலும் வெள்ளியாலும் அலங்கரித்த வாளும், சரிகைத் தோட்பட்டியும், பொத்தான் வரிசை மின்னும் நீண்ட மேலங்கியும் உரிமையாக்கினர். இந்தச் சீருடை எந்தப் போரையும் கண்டதில்லை. வாள் உறையைவிட்டு வெளிவர வேண்டியதும் இருக்கவில்லை. அதன் வேலை வேறு. வரி கேட்டு, ஊழியத்திற்கு ஆள் கேட்டுக் கிராமத்தான் முன் முதலியார் நிற்கும்போது, அவர் பின்னால் ஒரு சாம்ராச்சியம் நிற்கிறது என்பதை அது அறிவித்தது. தேசாதிபதி முன்னிலையில் வாளணிந்து வரிசையிலே நிற்பதற்காக உயர்குடியினர் தமக்குள்ளே போட்டியிட்டனர். சிங்களரும் தமிழரும் இதில் வேறுபடவில்லை.

இத்தகைய சீருடைகளும் வாள்களும் அந்தக் குடும்பங்களின் பேழைகளிலிருந்து வெளிவந்து பழம்பொருட் கடைகளிலும் அந்நிய ஏலங்களிலும் விலைபோகின்றன. "முதலியாரின் அலங்கார வாள்" என்ற குறிப்பு விலையை உயர்த்துகிறது. அவ்வாளின் முன்னே தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவனைப் பற்றி எந்தக் குறிப்பும் இல்லை. 1963ஆம் ஆண்டில் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டது. அந்தப் பெருமையின் ஏக்கமோ பலருடைய வரவேற்பறைச் சுவர்களில் இன்னமும் தொங்குகிறது.

கைவினைஞனைப் பற்றி நம் நாட்டில் எவருமே எழுதவில்லை என்று கூறுவது பொய்யாகும். ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூல் கண்டிக் கம்மாளரின் வாழ்வையும் தொழிலையும் விரிவாகப் பதிவுசெய்தது. அரசனின் நான்கு பட்டறைகளான 'பட்டல் ஹதர' பற்றியும், அங்கு பணிபுரிந்தோரின் நிலமானிய உரிமைகள் பற்றியும் நாம் அறிவதற்கு அந்நூல் பெருந்துணை. பொதுவுடைமையாளரான வில்லியம் மொரிஸ் நிறுவிய கெல்ம்ஸ்கொட் அச்சகத்தின் அச்சுப்பொறியிலேயே குமாரசுவாமி இந்நூலை அச்சிட்டார். 1942ஆம் ஆண்டில் பி. ஈ. பி. தெரணியகல இந்நாட்டு ஆயுதங்களையும் கவசங்களையும் பற்றி எழுதிய ஆராய்ச்சியும் மதிப்புக்குரியது. சேகரித்துப் பேணியவர்கள் இல்லையேல் இவர்களுடைய ஆராய்ச்சிக்கே சான்றுகள் குறைந்திருக்கும் என்பதையும் நேர்மையுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

எனினும் மொரிசிடமிருந்து குமாரசுவாமி பெற்றது பாதியே. இயந்திர முதலாளித்துவம் கைவினையின் அழகைக் கொன்றது என்பதை அவர் கண்டார். கைவினைஞனைச் சாதியோடும் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தோடும் பிணைத்திருந்த சங்கிலியை அவர் ஓர் இசைவான ஒழுங்காகவே கண்டார். அரசனுக்காகப் பொன்வாள் செய்த கைகள் அந்த வாளை ஏந்த உரிமையற்றவை. தன் கலையை விட்டு வேறு தொழில் தேடவும் அவன் சுதந்திரம் உடையவனல்லன். பொருளின் அழகு அதைச் செய்தவனின் அடிமைத்தனத்தை நியாயப்படுத்தாது. அதுபோலவே, அவனுடைய அடிமைத்தனத்தைச் சுட்டிக்காட்டுவதால் அவன் படைத்த அழகு குன்றிவிடுவதுமில்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் காணும் பார்வையே முற்போக்கு விமரிசனத்திடம் நாம் எதிர்பார்ப்பது.

இந்தப் பார்வையின் அவசியம் அண்மையில் மேலும் வலுப்பெற்றிருக்கிறது. 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் கண்டி நகரின் மீது படையெடுத்து அரண்மனையைக் கொள்ளையிட்டான். அப்போது ஆண்டவன், மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். அக்கொள்ளையிற் சென்ற பொருள்களுள் ஆறு, அம்ஸ்ரடாம் நகரின் றைக்ஸ் நூதனசாலையிலிருந்து 2023ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குத் திரும்பின. லேவுக்கே திசாவையின் பீரங்கி, பொன் கஸ்தானை, வெள்ளிக் கஸ்தானை, ஒரு கத்தி, இரு துப்பாக்கிகள் என்பனவே அவை. ஒரு தனியாரின் ஏலத்தொகையால் அவை மீளவில்லை; ஆராய்ச்சியின் முடிவை ஏற்று ஓர் அரசு மற்றோர் அரசிடம் ஒப்படைத்தது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். 1934ஆம் ஆண்டில் கண்டி அரியணையும் முடியும் ஓர் ஆங்கிலக் கோமகனின் கையிலிருந்து பரிசுபோல வந்தன. அந்நிகழ்ச்சியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அன்று கிடைத்தது எசமானரின் பெருந்தன்மை. இன்று கிடைத்தது உரிமையின் ஒப்புதல்.

ஆயினும் பொருள் திரும்பியதனால் அதன் கதையும் திரும்பிவிட்டதாகாது. இப்பொருள்களை நம் பிள்ளைகளுக்கு எந்த மொழியில் விளக்கப்போகிறோம்? "நம் மன்னரின் மாட்சி" என்று ஒரு வரியில் முடிப்பது எளிது. இனப்பெருமை பேசுவோருக்கு அவ்வொரு வரியே போதும். அரசன் நாயக்கன், அவன் அவையிலே தமிழும் தெலுங்கும் வழங்கின, வாளின் அலகு ஐரோப்பியப் பாணியைத் தழுவியிருக்கலாம், கைபிடியைச் செய்தவன் சிங்களக் கம்மாளன். இத்தனை கலப்பையும் அந்த ஒரு வரி விழுங்கிவிடும். நாற்பதாண்டுகளில் ஆயுதமும் சீருடையும் என்ன செய்யும் என்பதைத் தம் வீட்டுக்குள்ளேயே கண்ட மக்கள் நாம். வாளை வெறும் அழகாகவும் வெறும் மாட்சியாகவும் நம் மாணவருக்குக் காட்டும் உரிமை நமக்கில்லை.

ஆகவே நூதனசாலையின் கண்ணாடிப் பெட்டியருகே வைக்கப்படும் விளக்கக் குறிப்பு ஏலப் பட்டியலின் நடையிலிருந்து விடுபட வேண்டும். பொருளை யார் செய்தான், எந்த ஊழிய முறைமையின் கீழ்ச் செய்தான் என்பது அதில் இருக்கவேண்டும். யார் அணிந்தார், அணிந்து யாரை ஆண்டார் என்பது இருக்கவேண்டும். யார் எடுத்தார், அந்தப் படையெடுப்பில் மாண்டவர் யார், யாருடைய வயல் எரிந்தது என்பதும் இருக்கவேண்டும். பெயர் கிடைக்காத இடத்தில் "பெயர் பதிவுசெய்யப்படவில்லை" என்றேனும் எழுதவேண்டும். அந்தக் குறிப்பு சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நிறைவுடன் எழுதப்படுதல் வேண்டும்.

அது நிறைவேறும்வரை ஆசிரியர்கள் காத்திருக்கவேண்டிய தேவையில்லை. மாணவரை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும் ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு வாளின் முன்னே அவர்களை நிறுத்தி, செயப்பாட்டுவினைகளைச் செய்வினைகளாக மாற்றும் இலக்கணப் பயிற்சியை அங்கேயே கொடுக்கலாம். "இவ்வாள் செய்யப்பட்டது" என்றால் செய்தவன் யார்? "கைப்பற்றப்பட்டது" என்றால் கைப்பற்றியவன் யார்? யாரிடமிருந்து? மாணவர் இவ்வினாக்களைக் கேட்கப் பழகுவாராயின், நூதனசாலையின் குறிப்புக்களும் நாளடைவில் அவற்றுக்கு விடை கூறியே ஆகவேண்டும்.